ஆவடிக் களிமண்

ஆவடி என்றதும் நம் நண்பர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அரசியல் பேசுகிறவர்கள் 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டைச் சொல்வார்கள். சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. மெக்கானிக்கல்காரர்கள் 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையையும், அங்கிருந்து உருண்டு வந்த விஜயந்தா டாங்கியையும் சொல்வார்கள். தினமும் சென்ட்ரலுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஆவடி என்பது ஒரு லோக்கல் வண்டியின் பெயர், அவ்வளவுதான். ஆனால் நான்காவதாக ஓர் ஆவடி இருக்கிறது. அது புவியியல் புத்தகங்களில் இருக்கிறது. ஒரு பாறை அடுக்குக்கு நம் ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர், இந்த நாட்டின் மிகப் பழைய மனிதக் கைவேலை ஒன்றை நெடுங்காலம் மறைத்து வைத்திருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

மலர்க் குழுவினர், "வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்கள் சார், ஆனால் ஹாஸ்டல் மெஸ் வரலாறு மட்டும் வேண்டாம், அது போன தடவையே வந்துவிட்டது" என்று சொல்லியிருந்தார்கள். நான் படித்தது வரலாறு இல்லை. ஆனாலும் போன காலாண்டு விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் மியூசியம் மியூசியமாகச் சுற்றியதில், கையில் நிறையச் சரக்கு சேர்ந்துவிட்டது.

திருமுல்லைவாயலில் இருக்கும் எங்களுக்கு விடுமுறை வாரம் என்பது பெரிய பிரச்சினை. பள்ளிக்கூடம் இல்லை, அப்பா அம்மா இருவருக்கும் ஆபீஸ் உண்டு, டி.வி.யும் செல்போனும் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். எனக்கு நான்கு நாள் லீவு பாக்கி இருந்ததால் பிள்ளைகளை மேய்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. துணைக்கு எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் லேத்தில் நின்று ரிட்டயர் ஆனவர். பிள்ளைகளுக்கு அவர் "டர்னர் தாத்தா". எனக்கு அண்ணன்.

முதல் நாள் பக்கத்திலேயே, நியூ ஆவடி ரோட்டில் ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டியிருக்கும் ரயில் அருங்காட்சியகம். 2002-ல் திறந்தது. பழைய நீராவி இன்ஜின்கள், பிள்ளைகள் ஏறிச் சுற்ற ஒரு பொம்மை ரயில். ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2-ந் தேதி நேரு திறந்து வைத்தது என்பதையும், அதே வருஷம்தான் ஆவடி மாநாடு என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. பொம்மை ரயிலுக்கு இரண்டாவது டிக்கெட் எடுப்பதிலேயே குறியாக இருந்தார்கள்.

இரண்டாம் நாள் எழும்பூர். போகிறவர்களுக்கு ஒரு தகவல்: வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் அங்கே விடுமுறை. காலாண்டு லீவில் அக்டோபர் 2 குறுக்கே வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எழும்பூர் மியூசியத்துக்கு எல்லாரும் எதற்காகப் போகிறோம்? திமிங்கில எலும்புக்கூடு, அடைத்து வைத்த புலி, பிறகு வெண்கல நடராஜர். காணும் பொங்கலுக்கு வரும் கூட்டமும் இதே வரிசையில்தான் போகும். அமராவதிச் சிற்பங்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள்; நம்மவர்கள் அந்த ஹாலில் கொஞ்சம் நிழலாக இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆதியிலிருந்தே அப்படித்தான். 1851-ல் இந்த மியூசியம் தொடங்கியபோது அதன் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற டாக்டர், உயிருள்ள விலங்குகளை வளாகத்தில் வைத்ததும் ஜனம் வந்து குவிந்தது. அந்த மிருகக்காட்சி சாலை பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தது வேறு கதை.

ஆனால் மியூசியம் தொடங்கியது விலங்குகளால் அல்ல, கற்களால். மதராஸ் இலக்கியச் சங்கம் தன்னிடம் சேர்ந்திருந்த பாறை, கனிம மாதிரிகளைக் கொடுக்க முன்வந்ததில்தான் இந்த ஏற்பாடே பிறந்தது. முதலில் கல்லூரிச் சாலையில் இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்தது. 1854-ல் இப்போதுள்ள பாந்தியன் வளாகத்துக்கு வந்தது. ஆக, பழைய கற்களைப் பார்க்காமல் திரும்புவது, கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல் பந்தியில் மட்டும் உட்கார்ந்து வருவது போலத்தான்.

வரலாற்றுக்கு முந்தைய காலத்துப் பொருட்கள் இருக்கும் பகுதியில் பிள்ளைகள் நிற்கவே இல்லை. ஆதிச்சநல்லூர்ப் பானைகளை ஒரு நோட்டம் விட்டுவிட்டு ஓடினார்கள். டர்னர் அண்ணன்தான் நின்றுவிட்டார். கண்ணாடிக்குள் உள்ளங்கை அகலத்தில், ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் உருண்டையாகவும், பழுப்புக் கற்கள் சில. கைக்கோடரி என்று எழுதியிருந்தது. அண்ணன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது சும்மா உடைச்ச கல்லு இல்லை. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தட்டியிருக்கான். நடுக்கோடு பாரு, நேரா வருது. கையில புடிக்கிற எடத்தை மட்டும் விட்டுட்டான். இவனுக்கு ஜாப் முடிஞ்சா எப்படி இருக்கணும்னு முன்னாடியே தெரியும்."

நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் முதல் வருஷம் எம்.எஸ். பிளாட்டை ராவி ராவிச் சதுரமாக்கிய பாடு யாருக்கும் மறந்திருக்காது. இரும்பை ராவும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரலாம். கல்லில் அப்படி முடியாது. ஒரு தட்டு தட்டினால் ஒரு செதில் போனது போனதுதான். ஒட்டவைக்க வழி இல்லை. அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்பதை இந்த அடிக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். அண்ணன் சொன்னதை ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர் பத்து நிமிஷத்தில், கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டார்.

என் மகள் திரும்பி வந்து பெயர்ச்சீட்டைப் படித்தாள். "அத்திரம்பாக்கம்னா எங்கப்பா இருக்கு?" திருவள்ளூர் தாண்டி, பூண்டி ஏரிப் பக்கம் என்றேன். "அது நம்ம ட்ரெயின் லைன்தானே!" என்றாள். அதற்குப் பிறகுதான் மற்ற நால்வரும் திமிங்கிலத்தை விட்டுவிட்டு வந்து கண்ணாடியில் மூக்கை வைத்தார்கள்.

இந்தக் கற்களைத் தேடி எடுக்கத் தொடங்கியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858-ல் சேர்ந்து மதராஸ் பகுதிக்கு வந்தவர். அவருடைய உத்தியோகம் பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவது. மனிதனைத் தேடுவது அல்ல. ஆனால் 1859-ல் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பிரான்சுக்குப் போய், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகள் கிடக்கும் அதே சரளை அடுக்கில் மனிதன் செய்த கல் கருவிகளும் இருப்பது உண்மைதான் என்று உறுதி செய்திருந்தார்கள். உலகம் தோன்றி ஆறாயிரம் வருஷம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். அந்தச் செய்தி எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று யோசித்துப் பாருங்கள். ஃபூட்டும் அதைப் படித்திருந்தார். அதனால் சரளையைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு கண்ணும் திறந்தே இருந்தது.

1863 மே 30-ந் தேதி பல்லாவரம் பரேடு மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைக் குழியில் அவர் ஒரு கருவியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்ற அத்தியாயம் அங்கே தொடங்குகிறது. ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு உலகத்தோடு வாதாட முடியாது. அதே வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி, சக புவியியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அங்கே ஓடைக்கரையில் கருவிகள் ஒன்றல்ல, நிறையக் கிடைத்தன. செப்டம்பர் 28 என்றால் நம் பிள்ளைகளின் காலாண்டு லீவு நேரம்! ஃபூட்டுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. இந்த மலரில் எழுதுகிற நம்மில் பலரைவிடச் சின்னவர்.

பிறகு அரை நூற்றாண்டு, தென்னிந்தியா முழுக்க நடந்தும் குதிரையிலும் போய்ச் சேர்த்த சேகரத்தை 1904-ல் மதராஸ் மியூசியம் வாங்கியது. அவர் 1912-ல் காலமானார். சேகரத்தின் அட்டவணை 1914-லும், குறிப்புகள் 1916-லும் புத்தகமாக வெளிவந்தன. எழும்பூர்க் கண்ணாடிப் பெட்டியின் கதை இது. பரபரப்பு இல்லாத கதைதான். ஆனால் ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில், எந்த மண்ணில் கிடைத்தது என்று அந்த மனிதர் எழுதி வைத்தாரே, அதுதான் விஷயம். ஊர்ப் பெயர் இல்லாத கல் வெறும் கல்.

இந்த வகைக் கைக்கோடரிகளுக்கு உலகம் முழுக்க அஷூலியன் என்று பெயர். பிரான்சில் அமியான் நகரத்தின் புறநகர்ப் பகுதி ஒன்றுக்கு செயின்ட் அஷூல் என்று பெயர். அதிலிருந்து வந்தது. புறநகர்வாசிகளான நமக்கு இதில் ஒரு சந்தோஷம் இருக்கலாம். இந்தியாவில் இதே வகைக்கு வெகுகாலம் 'மதராஸ் மரபு' என்றே பெயர் வழங்கியது. வடக்கே சோன் ஆற்றுக் கருவிகள், தெற்கே மதராஸ் கருவிகள் என்று பாடப்புத்தகங்கள் பிரித்துச் சொல்லும்.

இனி ஆவடிக்கு வருவோம்.

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஆவடி, திருவள்ளூர் வரை நம் காலடியில் ஒரு பழைய படிவுப் பாறைத் தொகுதி இருக்கிறது. டைனோசர்கள் உலவிய காலத்தின் பிற்பகுதி. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. சில இடங்களில் தாவரப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இதில் களிமண் இறுகித் தகடு தகடாக ஆன ஒரு பகுதிக்குப் புவியியலாளர்கள் ஆவடிப் படிவு என்று பெயர் வைத்தார்கள். நம் பக்கம் போர் போட்டவர்களுக்கு, ரிக் வண்டிக்காரர் "களி வந்துடுச்சு சார்" என்று முகத்தைச் சுளித்தது ஞாபகம் இருக்கும்.

அத்திரம்பாக்கத்தில் மேலே சிவந்த சரளை அடுக்குகள். அவற்றுக்குக் கீழே பல மீட்டர் கனத்துக்குத் தகடு தகடான களிமண். ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து, இது பத்துக் கோடி ஆண்டு பழைய ஆவடிப் பாறைதான், மேற்புறம் மக்கிப் போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். பத்துக் கோடி ஆண்டுக்கு முன் மனிதன் எங்கே இருந்தான்? ஆகையால் அதற்குள் கருவி இருக்கவே முடியாது. கருவிகள் எல்லாம் மேலே உள்ள சரளையைச் சேர்ந்தவை என்று முடிவாயிற்று. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோதும் இந்தக் கருத்து மாறவில்லை.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. சுற்றுவட்டாரத்தில் நிஜமாகவே அந்தப் பாறை இருக்கிறது. பார்வைக்கும் ஒன்று போலவே இருக்கிறது. ஆனால் ஒரு பொருளுக்குப் பெயர் ஒட்டிவிட்டால் பிறகு யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நம் ஸ்டோர் ரூமிலும் நடப்பதுதான். 'ஸ்கிராப்' என்று எழுதிய பெட்டிக்குள் நல்ல பேரிங் கிடக்கும்.

1999-ல் சாந்தி பப்பு தலைமையில் சென்னையின் சர்மா சென்டர் ஃபார் ஹெரிடேஜ் எஜுகேஷன் குழு அங்கே அகழத் தொடங்கியது. களிமண் வந்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. தோண்டிக்கொண்டே போனார்கள். ஆழமான குழி சுமார் ஒன்பது மீட்டர் வரை போனது. மூன்று மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறக்கியது போல. களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் இருந்தன! ஒன்றிரண்டு இல்லை. மேலிருந்து வெடிப்பு வழியாக விழுந்தவையும் இல்லை. அடுக்கடுக்காக, கிடந்த இடத்திலேயே கிடந்தன. அப்படியானால் அது ஆவடிப் பாறையே அல்ல. மனிதன் வாழ்ந்த காலத்தில் ஆறு வெள்ளமாக வந்து மெல்ல மெல்லப் படியவைத்த வண்டல்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. வெள்ளம் ஓய்ந்து மெதுவாகப் படியும் களிமண்ணில் கூழாங்கல் வராது. கனமான கல்லை நகர்த்த வேகமான நீரோட்டம் வேண்டும். வேகமான நீரில் களி படியாது. ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்தக் களிமண்ணில் கிடக்கும் கல் அங்கே தானாக வரவில்லை, மனிதக் கை தூக்கி வந்தது. பக்கத்து அல்லிக்குழி மலைப் பகுதியில் குவார்ட்ஸைட் உருளைக்கற்கள் கிடைக்கின்றன. கல் அங்கே, வேலை இங்கே. மூலப்பொருளையும் ஒர்க்‌ஷாப்பையும் பிரித்து வைத்துச் சுமந்து வந்திருக்கிறார்கள்.

அதே களிமண்ணில் சில விலங்குப் பற்களும் கிடைத்தன. எருமை இனம் ஒன்று, குதிரை இனம் ஒன்று, நீல்காய் மான் ஒன்று. விலங்குகளின் குளம்படி எனக் கருதப்படும் பதிவுகளும் இருந்தன. ஈரச் சேற்றில் மாடு நடந்த தடம்! கருவி செய்தவர்களின் எலும்பு மட்டும் அங்கே கிடைக்கவில்லை. இந்தியாவில் அந்தப் பழைய மனித இனத்தின் மண்டையோட்டுப் பகுதி கிடைத்தது நர்மதைக் கரையில் ஹத்னோராவில், 1982-ல், அருண் சோனாகியா என்ற புவியியலாளர் கையில்.

வயதைக் கணக்கிட்டது எப்படி என்பதை நம்மவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். குவார்ட்ஸைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. கல் தரையின்மேல் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அதைத் தாக்கி, உள்ளே அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்கப் பொருட்களை மிகச் சிறிய அளவில் உண்டாக்குகின்றன. ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று என்ற விகிதம். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் எட்டாது, உற்பத்தி நின்றுவிடும். அதன்பின் இரண்டும் தத்தம் வேகத்தில் சிதைகின்றன. அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும். பெரிலியம் பாதியாகச் சுமார் 14 லட்சம் ஆண்டு பிடிக்கும். வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். இப்போது மிஞ்சியிருக்கும் விகிதத்தை அளந்தால், புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கு வந்துவிடும். பூமியின் காந்தப்புலம் வடக்கு தெற்கு மாறியிருந்த காலங்களின் பதிவும் களிமண்ணில் இருந்தது. அது இந்தக் கணக்குக்குச் சாட்சி சொன்னது.

பிரெஞ்சு விஞ்ஞானிகளோடு சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. குறைந்தபட்சம் 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டு, சராசரியாக 15 லட்சம் ஆண்டு. இந்தியக் கைக்கோடரிகளுக்கு அதுவரை பெரும்பாலோர் கொடுத்த வயதைவிட இது எவ்வளவோ அதிகம். ஆப்பிரிக்காவின் மிகப் பழைய கைக்கோடரிகளே சுமார் பதினேழரை லட்சம் ஆண்டுதான். 2018-ல் குமார் அகிலேஷும் சாந்தி பப்புவும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். மேல் அடுக்குகளில் பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சிறிய, நேர்த்தியான கருவிகள் வருகின்றன. அந்த மாற்றம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றார்கள். அந்தப் புதிய தொழில்நுட்பம் ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதர்களோடு மிகப் பிற்காலத்தில்தான் இங்கே வந்தது என்று சொல்லிவந்தவர்கள் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

இந்த எண்களைப் பிள்ளைகளுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. லட்சம் என்றால் அவர்களுக்குப் பணம்தான் ஞாபகம் வருகிறது. கடைசியில் ரயிலைத்தான் பிடித்தேன். திருவள்ளூரிலிருந்து சென்ட்ரல் சுமார் 42 கிலோமீட்டர். அத்திரம்பாக்கத்தின் 15 லட்சம் ஆண்டை இந்தத் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள். திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர் எல்லாம் தாண்டியும் அதே கைக்கோடரிதான். கொரட்டூர் தாண்டிய பிறகு சின்னக் கருவிகள் வருகின்றன. சிந்து சமவெளி நகரங்கள் சென்ட்ரல் பிளாட்பாரத்தில் வண்டி நிற்க இன்னும் ஆறு பெட்டி நீளம் இருக்கும்போது. கீழடி மூன்றரைப் பெட்டி நீளம். ஃபூட் பல்லாவரத்தில் குனிந்து கல்லை எடுத்தது ஒரு பெட்டியின் கால்வாசி நீளத்துக்குள் அடங்கிவிடும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உடனே, "அப்போ அங்கிள், நம்ம சோஷியல் புக் மொத்தமும் பிளாட்பாரத்துக்குள்ளேயே முடிஞ்சுடுதா?" என்று கேட்டான்.

நான்காம் நாள் அதே ரயிலில் திருவள்ளூர் போய், அங்கிருந்து பூண்டிக்குப் போனோம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். இங்கிருந்துதான் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தண்ணீர் போகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று அங்கே இருக்கிறது. சின்னது. கூட்டம் கிடையாது. அந்த வட்டாரத்துக் கற்கருவிகளை நெருங்கி நின்று பார்க்கலாம். எழும்பூரில் ஆயிரம் பொருளுக்கு நடுவே ஒரு பெட்டி. இங்கே அந்தக் கல்தான் கதாநாயகன். இன்னும் உள்ளே போனால் குடியம் குகைகள். வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியாது என்று விட்டுவிட்டோம்.

அத்திரம்பாக்கத்தில் 'பார்க்க' ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏமாந்துபோகக் கூடாது. ஓடை, முள்செடி, வயல், சிவப்பு மண். தரையில் கிடக்கும் எதையும் எடுக்காமல் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய இடம்.

எனக்கு உறுத்துவது வேறு. ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை லைனின் இரண்டு பக்கமும் மனைப்பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ரோடு போட, பள்ளம் மேவ, சிவப்பு கிராவல் வேண்டும். லாரி லாரியாக வருகிறது. நம் சிவில் நண்பர்களில் பலர் அதற்கு அளவு எடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான். கிராவல் இல்லாமல் வீடு கட்ட முடியாது, எனக்கும் தெரியும். நான் குடியிருக்கும் மனையும் அப்படி மேவியதுதான். ஆனால் ஃபூட் முதல் கருவியை எடுத்தது கோயிலிலோ கோட்டையிலோ இல்லை, இதே மாதிரி ஒரு சரளைக் குழியில். சோழர் கல்வெட்டு என்றால் பொக்லைன் டிரைவரே நிறுத்திவிடுவார், எழுத்து தெரியும். உடைந்த கல்லில் எழுத்து இல்லை. பக்கெட்டில் வந்து ரோட்டுக்கு அடியில் போய்விட்டால் எந்த ஊர், எந்த அடுக்கு என்று பிறகு சொல்ல யாராலும் முடியாது. சைட்டில் நிற்கும் நண்பர்கள், இரண்டு பக்கமும் செதுக்கியது போன்ற கல் வந்தால், குழி எங்கே என்று மட்டுமாவது குறித்து வைத்துக்கொண்டு தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடலாம். செலவு ஒன்றும் இல்லை.

எது செதுக்கியது, எது தானாக உடைந்தது என்று கண்டுபிடிப்பது முதல் பார்வைக்குக் கஷ்டம். கண்ணாடியில் சிறு கல் பட்டால் பின்புறம் கூம்பாகத் தெறிக்கும் அல்லவா, அதே இயற்பியல்தான். அடி விழுந்த இடத்துக்குக் கீழே செதிலில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அதிலிருந்து குளத்தில் கல் எறிந்தது போல அலை அலையாகக் கோடுகள் ஓடும். வெயிலில் வெடித்த கல்லிலும் லாரிச் சக்கரம் ஏறிய கல்லிலும் இது ஒழுங்காக வராது. பூண்டியில் இதை டர்னர் அண்ணன் பிள்ளைகளுக்கு விரலால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

திரும்பி வந்த வாரம் எங்கள் தெருமுனையில் ரோடு வேலைக்கு இரண்டு லோடு சிவப்பு கிராவல் கொட்டினார்கள். பிள்ளைகள் ஐந்து பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் குவியலில்தான். கிடைத்ததை எல்லாம் பொறுக்கிக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணைக்கு ஓடுவார்கள். அண்ணன் ஒவ்வொன்றையும் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது தானா உடைஞ்சது, போடு" என்பார். நான் எண்ணிய வரைக்கும் நாற்பத்துச் சொச்சம் கல் பார்த்திருக்கிறார். எல்லாம் தானாக உடைந்தவை. மூன்றாவது லோடு அடுத்த வாரம் வருகிறதாம்.